தவணை தவறாத காணொலி

புனே நகரின் தென்கிழக்கில் அமைந்துள்ள பகுதி வானவடி. 1794-ஆம் ஆண்டு இங்கே மறைந்த மராட்டியத் தளபதி மகாதஜி சிந்தேயின் நினைவிடமாகிய சிந்தே சத்ரி இங்கு உள்ளது. 1948-இல் தொடங்கப்பெற்ற ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியும் இங்குதான் இருக்கிறது. படைப்பணியின் பொருட்டு வந்து, ஓய்வுக்குப் பின்னரும் இப்பகுதியிலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் பல. அவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஓய்வூதியம் பெறும் அத்தகைய பெரியவர்களுக்காக, இங்குள்ள குடியிருப்பு ஒன்றின் பொதுக்கூடத்தில், இணையவழி மோசடிகள் குறித்து விளக்கவுரை ஆற்றும் பொறுப்பு ஒரு மாலை எனக்கு வாய்த்தது.

வெறும் சொற்களால் விளக்குவதைவிடக் காட்சியால் விளக்குவது நெஞ்சில் பதியும் என்று கருதினேன். எனவே, எங்கள் கிளை நண்பர்கள் இருவரை நடிக்கச் செய்து, 90 நொடிக் காணொலி ஒன்றை என் கைப்பேசியிலேயே பதிவு செய்தேன். வங்கி அலுவலர் போல ஒருவன் பேசுகிறான், உங்கள் கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டது என்கிறான், ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்கிறான். அச்செயலியோ, நம் கைப்பேசித் திரையை அப்படியே அவனுக்குக் காட்டுவது. நமக்கு வரும் ஓ.டி.பி.யை நாம் வாய் திறந்து சொல்லாமலேயே அவன் படித்துக்கொள்கிறான். இதுவே காணொலியின் உயிர்நிலையான இடம்.

அந்த இடத்தில்தான் படம் நின்றது. ஒலி மட்டும் தொடர்ந்தது. திரையில் நண்பரின் முகம் பாதி திறந்த வாயோடு உறைந்து நின்றது. சிலர் சிரித்தனர். சற்று நேரத்தில் படம் ஒரே தாவலாகத் தாவி இறுதிக் காட்சிக்குச் சென்றது. “மீதியை நானே சொல்லிவிடுகிறேன்” என்று இரண்டு வாக்கியம் சொன்னேன். தேநீர் வந்தது, கூட்டம் கலைந்தது.

இரு வாரங்கள் கழித்து, அன்று கூட்டத்தில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர் கிளைக்கு வந்தார். “தம்பி, அன்றைக்கு உங்கள் படம் நடுவில் நின்றுபோயிற்றே, அந்தச் செயலியைப் போடச் சொன்ன பிறகு அவன் என்ன செய்தான்?” என்று கேட்டார். அவர் கேட்ட குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. “அம்மா, உங்கள் கைப்பேசியைக் கொடுங்கள்” என்றேன். அச்செயலி அதில் இருந்தது. உடனே கணக்கை முடக்கினோம். 1930 என்னும் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தோம். ஆயினும் அதற்குள் அவருடைய ஓய்வூதியத்தில் ஒரு பகுதி வெளியேறியிருந்தது.

படம் ஓடியிருந்தால் அவர் ஏமாந்திருக்கவே மாட்டார் என்று நான் கூற வரவில்லை. காட்ட வேண்டிய இடத்தைக் காட்டாமல் விட்டது என் தவறு என்று மட்டுமே கூறுகிறேன். நான் வணிகவியல் பட்டதாரி. கணினியியல் கற்றவன் அல்லன். எனினும், அந்நிகழ்ச்சிக்குப் பின் காணொலி ஏன் தடுமாறுகிறது என்பதைப் பொறுமையாகக் கற்றேன். பள்ளி ஆண்டு விழா, குடியிருப்புச் சங்கப் பொதுக்குழு, மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம், கடன் வேண்டித் தொழில் திட்டத்தை விளக்கும் சந்திப்பு என, இன்று விளக்கவுரை ஆற்றாதவர் அரியர். அவர்களுக்குப் பயன்படும் என்னும் நோக்கில் நான் கற்றதை இங்கே தொகுத்தளிக்கிறேன்.

அளவு அன்று, தவணையே சிக்கல்

“கோப்பு பெரிதாக இருந்தது, அதனால் நின்றது” என்று பலரும் கூறுவர். இது பாதி உண்மையே. ஒரு நிறுவனத்துக்கு எவ்வளவு சொத்து இருக்கிறது என்பது ஒன்று. தவணை நாளன்று அதன் கையில் ரொக்கம் இருக்கிறதா என்பது வேறொன்று. கோடிக்கணக்கில் சொத்துடைய நிறுவனமும் தவணை நாளில் பணம் புரளாமல் தவிப்பதுண்டு. காணொலியின் நிலையும் இதுவே.

அசையும் படம் என்பது உண்மையில் அசையாப் படங்களின் வரிசையாகும். புனே நகரத்தார்க்கு இது புதிய செய்தி அன்று. கோலாப்பூரிலிருந்து 1933-இல் இங்கு வந்த பிரபாத் திரைப்பட நிறுவனத்தின் வளாகத்திலேயே 1960-இல் திரைப்படக் கல்வி நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் இந்நகரில் அமைந்தது. பேசும் திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சியில் நொடிக்கு 25. இப்படங்கள் ஒவ்வொன்றையும் சட்டகம் என்பர்.

நொடிக்கு 25 சட்டகங்கள் என்றால், ஒவ்வொரு சட்டகத்துக்கும் உரிய கால அளவு 40 மில்லிநொடி. நொடிக்கு 30 என்றால் ஏறத்தாழ 33 மில்லிநொடி. 60 என்றால் 17 மில்லிநொடிக்கும் குறைவு. இக்கால அளவுக்குள் கணினி அடுத்த படத்தைக் கோப்பிலிருந்து எடுத்து, விரித்து, திரைக்கு அனுப்பியாக வேண்டும். வங்கியில் ஒரு கடன் தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்ற பின்னரே அதனை வாராக்கடன் என வகைப்படுத்துகிறோம். காணொலிக்கு அத்தகைய சலுகை நாள்கள் இல்லை. 40 மில்லிநொடியில் வராத சட்டகம் தவறிய சட்டகமே. தவறியவற்றை விட்டுவிட்டு மென்பொருள் அடுத்ததற்குத் தாவுகிறது. ஒலிக்கு வேண்டிய உழைப்பு மிகக் குறைவு. காணொலி மென்பொருள்கள் பெரும்பாலும் ஒலியையே கடிகாரமாகக் கொண்டு அதற்கேற்பப் படத்தை நகர்த்துகின்றன. ஆதலால்தான் குரல் தொடர்ந்து ஒலிக்கையில் முகம் மட்டும் உறைந்து நிற்கிறது.

தொடக்க இருப்பும் அன்றாடப் பதிவும்

முழு உயர்தெளிவு எனப்படும் 1080பி காணொலியின் ஒரு சட்டகத்தில் 1920-க்கு 1080 என்ற கணக்கில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 3 பைட் வீதம் கொண்டால், ஒரு சட்டகத்துக்கு ஏறத்தாழ 62 இலட்சம் பைட்டுகள். நொடிக்கு 25 சட்டகங்கள் வீதம் 90 நொடிக்குக் கணக்கிட்டால் 14 ஜிகாபைட் ஆகும். இவ்வளவையும் அப்படியே சேமிப்பது இயலாது. எனவே, இதனைச் சுருக்கிச் சேமிக்கின்றனர். நொடிக்கு 5 மெகாபிட் என்னும் விகிதத்தில் சுருக்கினால் அதே 90 நொடிக் காணொலி 56 மெகாபைட்டில் அடங்கிவிடும். ஏறத்தாழ 250-இல் ஒரு பங்கு.

இந்தச் சுருக்கம் எவ்வாறு நிகழ்கிறது? நம் பேரேட்டை நினைவுகூர்க. மாதத் தொடக்கத்தில் தொடக்க இருப்பை முழுமையாக எழுதுகிறோம். பின்னர் ஒவ்வொரு நாளும் வரவையும் செலவையும் மட்டுமே பதிகிறோம். அதுபோன்றே, காணொலிக் கோப்பில் சிற்சில சட்டகங்கள் மட்டுமே முழுப்படமாகச் சேமிக்கப்படுகின்றன. இவற்றை முதன்மைச் சட்டகங்கள் எனலாம். ஏனையவற்றில் அண்டையிலுள்ள படங்களிலிருந்து என்ன மாறியது என்னும் குறிப்பு மட்டுமே இருக்கும்.

20-ஆம் தேதி இருப்பு என்ன என்று கேட்டால், தொடக்க இருப்பிலிருந்து கூட்டிக் கழித்து வரவேண்டும் அல்லவா? கணினியும் அவ்வாறே, நடுவிலுள்ள ஒரு சட்டகத்தைக் காட்டுவதற்கு முந்தைய முதன்மைச் சட்டகத்துக்குச் சென்று அங்கிருந்து கணக்கிட்டு வருகிறது. காணொலியின் முற்பகுதியை வெட்டிவிட்டு நடுவிலிருந்து ஓடவிடும்போது தொடக்கத்தில் சற்றே தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். சுருக்கம் மிக மிகக் கோப்பு சிறிதாகும்; ஆனால் அதை விரிப்பதற்கான உழைப்பு கூடும். ஆகவே, கோப்பின் அளவை மட்டும் பார்த்து, இது எளிதாக ஓடும் என முடிவு செய்தல் கூடாது.

உறையும் கடிதமும்

என் காணொலி நின்றதற்கு முதற்காரணம் இதுவே. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்பி4, எம்ஓவி போன்றவை அஞ்சல் உறைகளை ஒத்தவை. உறைக்குள் இருக்கும் கடிதம் எந்த மொழியில் எழுதப்பட்டுள்ளது என்பதை உறை சொல்லாது. அம்மொழியைக் கோடெக் என்பர். ஒரே எம்பி4 உறைக்குள் எச்.264 என்னும் மொழியிலும் கடிதம் இருக்கலாம், எச்.265 என்றும் எச்இவிசி என்றும் அழைக்கப்பெறும் மொழியிலும் இருக்கலாம்.

எச்.264 தரம் 2003-ஆம் ஆண்டு வெளியிடப்பெற்றது. ஏறத்தாழ எல்லாக் கணினிகளும் அதை அறியும். 2013-இல் வந்த எச்.265, அதே தரமுள்ள படத்தை ஏறத்தாழப் பாதி இடத்தில் அடக்கும் நோக்கில் உருவாக்கப்பெற்றது. கைப்பேசியில் இடம் மிச்சமாவதால் பல கைப்பேசிகள் இதில் பதிவு செய்கின்றன. ஐபோன்களில் 2017-ஆம் ஆண்டின் ஐஓஎஸ் 11 பதிப்பிலிருந்து இவ்வழக்கம் உண்டு. ஆனால் பழைய மடிக்கணினிகள் இதனை விரிக்கத் திணறும். சில விண்டோஸ் கணினிகளில் தனி நீட்சியை நிறுவினாலன்றி இது ஓடவே ஓடாது.

பவர்பாயிண்ட் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பும் அதற்குப் பிந்தையனவும் பயன்படுத்துவோர்க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் பரிந்துரைப்பது, எம்பி4 உறையில் எச்.264 படமும் ஏஏசி ஒலியும் கொண்ட கோப்பையே. இதனை நினைவிற்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

உங்கள் கோப்பு எந்த மொழியில் உள்ளது என்பதை அறிய, விஎல்சி என்னும் இலவச மென்பொருளில் அதைத் திறந்து, ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ என்பதைப் பாருங்கள். ஐபோன் வைத்திருப்போர், பதிவு செய்வதற்கு முன்பே, அமைப்புகளில் ‘கேமரா’, அதனுள் ‘ஃபார்மட்ஸ்’ சென்று ‘மோஸ்ட் காம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்ந்துகொள்ளலாம். வேறு சில கைப்பேசிகளிலும் கேமரா அமைப்புகளில் இத்தகைய தெரிவு இருக்கும்.

முன்பே பதிவாகிவிட்ட கோப்பாயின் மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, ‘ஃபாஸ்ட் 1080பி30’ அல்லது ‘ஃபாஸ்ட் 720பி30’ என்னும் ஆயத்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், எச்.264 படத்துடன் கூடிய புதிய எம்பி4 கோப்பு கிடைக்கும். அங்கேயே ‘வீடியோ’ பகுதியில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்பதையும் தேர்வு செய்வது நன்று. கைப்பேசிகள் வெளிச்சத்துக்கேற்ப நொடிக்குரிய சட்டக எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்வதுண்டு. அதனால் உதட்டசைவும் குரலும் பொருந்தாமல் போகலாம். சீரான எண்ணிக்கைக்கு மாற்றிவிட்டால் அக்குறை நீங்கும்.

தேவைக்கு மேற்பட்ட நுணுக்கம்

என் இரண்டாவது தவறு, கைப்பேசியில் உள்ளவற்றுள் மிக உயர்ந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தது. அது 4கே தெளிவும் நொடிக்கு 60 சட்டகமும் கொண்டது. 4கே படத்தில் 3840-க்கு 2160 என்ற கணக்கில் 82,94,400 புள்ளிகள். அதாவது 1080பி படத்தைப்போல் நான்கு மடங்கு. சட்டகங்களும் 30-க்குப் பதில் 60 ஆனதால், கணினியின் சுமை எட்டு மடங்கு.

கூடங்களில் உள்ள புரொஜெக்டர்களில் பலவும் 1280-க்கு 800 என்ற தெளிவுடையவை. அவற்றால் காட்ட இயலும் புள்ளிகள் 10,24,000 மட்டுமே. நான் எடுத்துச் சென்ற படத்தின் எட்டில் ஒரு பங்கு. எஞ்சிய ஏழு பங்கைக் கணினி அரும்பாடுபட்டு விரித்து, பின்னர்ச் சுருக்கி வீணாக்குகிறது. காண்பவர்க்கு அதனால் எள்ளளவும் பயன் இல்லை. எனவே, பொதுக்கூடத்தில் காட்டுவதற்கு 720பி தெளிவும், நொடிக்கு 25 அல்லது 30 சட்டகமும் போதும். திரை பெரிது, கணினியும் புதிது எனில் 1080பி பயன்படுத்தலாம். கோப்பின் மேல் வலப்பொத்தானை அழுத்தி, ‘ப்ராபர்ட்டீஸ்’ சென்று ‘டீடெயில்ஸ்’ பகுதியைப் பார்த்தால், அகலம், உயரம், நொடிக்குரிய சட்டகம் ஆகிய விவரங்கள் இருக்கும்.

படவில்லைக்குள் வைக்கும் முறை

பவர்பாயிண்ட் 1987-இல் ஆப்பிள் மேக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது. விண்டோஸ் பதிப்பு 1990-இல் வந்தது. ஒளிபுகும் தாள்களில் அச்சிட்டு, விளக்கொளியில் சுவரில் காட்டும் பழைய முறைக்குத் தாள்களை ஆயத்தம் செய்து தருவதே அதன் தொடக்க காலப் பணி. நிற்கும் படத்துக்காகப் பிறந்த மென்பொருளில் அசையும் படம் பின்னர் வந்து சேர்ந்தது. ஆதலால், தனியாக நன்றாக ஓடும் காணொலி படவில்லைக்குள் தடுமாறுவதுண்டு. கீழ்க்கண்டவற்றைக் கருத்திற்கொள்க.

முதலாவதாக, காணொலியைப் படவில்லைக்குள் சேர்ப்பதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, கோப்பையே உள்ளே பதித்துவிடுவது. மற்றொன்று, கோப்பு இருக்கும் இடத்தை மட்டும் இணைப்பாகக் குறிப்பது. பவர்பாயிண்ட் 2010 பதிப்பிலிருந்து, நாம் வேறுவிதமாகத் தெரிவு செய்தாலன்றிக் காணொலி உள்ளேயே பதியும். இணைப்பு முறையில் விளக்கவுரைக் கோப்பு சிறியதாக இருக்கும். ஆனால் பென்டிரைவில் அதை மட்டும் எடுத்துச் சென்றால் கூடத்தில் கறுப்புக் கட்டமே எஞ்சும். காசோலையை எடுத்துச் சென்று, கணக்கில் பணம் வைக்க மறந்ததற்கு ஒப்பாகும் இது. வேறொரு கணினியில் காட்டுவதாயின் உள்ளே பதிப்பதே பாதுகாப்பு.

இரண்டாவதாக, தேவையற்ற பகுதியை ‘ட்ரிம்’ செய்தால் அப்பகுதி கண்ணுக்கு மறையுமே தவிர, கோப்பிலிருந்து நீங்குவதில்லை. ‘ஃபைல்’ பட்டியலில் ‘இன்ஃபோ’ சென்று ‘கம்ப்ரெஸ் மீடியா’ என்பதைப் பயன்படுத்தினால் அது நீங்கும்; தெளிவையும் அங்கே குறைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் மூலக் கோப்பின் நகலொன்றைத் தனியே வைத்துக்கொள்க.

மூன்றாவதாக, காணொலிக்கு நிழல், மழுங்கிய ஓரம், சாய்வு, நிறமாற்றம் போன்ற ஒப்பனைகளைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு சட்டகத்துக்கும் அவ்வொப்பனையைக் கணினி மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியுள்ளது. காணொலி உள்ள படவில்லைக்கு ஆரவாரமான நுழைவுக் காட்சியும் வேண்டா. ஒரு படவில்லைக்கு ஒரு காணொலி போதும்.

நான்காவதாக, இணையத்திலுள்ள காணொலியைப் படவில்லையில் இணைத்தால், கூடத்தின் இணைய வேகத்துக்கு நீங்கள் அடமானம் ஆகிறீர்கள். உரிமையுடைய காணொலியாயின் முன்கூட்டியே கோப்பாகப் பெற்று வைத்துக்கொள்வது நன்று.

கூடத்தில் கவனிக்க வேண்டியவை

அன்று நான் சங்கத்தாரின் மடிக்கணினியில் என் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்தே காட்டினேன். இதுவும் பிழையே. கோப்பை முதலில் கணினியின் வன்தட்டில் படியெடுத்து, அங்கிருந்து திறக்க வேண்டும். விலை மலிந்த பென்டிரைவ்கள் பல, தரவை மெதுவாகவே தருபவை.

மடிக்கணினியை மின்னிணைப்பில் வையுங்கள். மின்கலத்தில் இயங்கும்போது மின்சாரத்தைச் சேமிக்கக் கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இணைய உலாவிகளையும் பிற செயலிகளையும் மூடுங்கள். கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டு, புதுப்பிப்பு ஏதும் பின்னணியில் நிகழவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

புரொஜெக்டருக்குக் கம்பியில்லா இணைப்பைக் காட்டிலும் எச்டிஎம்ஐ கம்பியே நம்பகமானது. பழைய விஜிஏ கம்பி படத்தை மட்டுமே கடத்தும். ஒலிக்குத் தனிக் கம்பி வேண்டும். எச்டிஎம்ஐ இணைத்தவுடன் ஒலி சில சமயம் புரொஜெக்டருக்குச் சென்றுவிடும். அதில் ஒலிபெருக்கி இல்லையேல் கூடம் அமைதியாகிவிடும். திரையின் கீழ்மூலையிலுள்ள ஒலிக் குறியைத் தொட்டு, ஒலி எங்கே செல்ல வேண்டும் என்பதைத் தெரிவு செய்க.

ஒரே காட்சியை இரு திரைகளிலும் காட்டும் முறை, திரையை நீட்டிக்கும் முறை என இரண்டு உண்டு. விண்டோஸ் பொத்தானுடன் ‘பி’ எழுத்தை அழுத்தினால் இத்தெரிவுகள் தோன்றும். ஒரு முறையில் படம் தடுமாறினால் மற்றொன்றை முயன்று பாருங்கள். பேச்சாளருக்கு மட்டும் குறிப்புகளைக் காட்டும் ‘பிரசென்டர் வியூ’ வசதியும் கணினிக்குக் கூடுதல் சுமையே; பழைய கணினியில் அதனை நிறுத்திவிடலாம்.

இணையவழிக் கூட்டத்தில் காட்டுவோர்க்கு ஒரு குறிப்பு. ஜூம் செயலியில் திரையைப் பகிரும்போது, ஒலியைப் பகிர்வதற்கும் காணொலிக்கேற்பச் சீர்செய்வதற்கும் தனித்தனித் தெரிவுகள் உண்டு. அவற்றைக் குறியிட மறந்தால், உங்கள் திரையில் சீராக ஓடும் படம் மற்றவர் திரையில் தத்தித் தத்தி நகரும்.

தணிக்கை முறையில் பிழை காணல்

இவ்வளவும் செய்த பின்னரும் படம் தடுமாறினால், கணக்கில் வேறுபாடு தோன்றும்போது நாம் செய்வதையே செய்யலாம். எந்தப் பதிவேட்டில் வேறுபாடு தொடங்குகிறது என்று படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

முதற்படியாக, காணொலிக் கோப்பை விஎல்சியில் தனியே ஓட்டிப் பாருங்கள். அங்கேயே தடுமாறினால் குறை கோப்பிலோ கணினியின் ஆற்றலிலோ உள்ளது, கோப்பை எச்.264-க்கும் குறைந்த தெளிவுக்கும் மாற்றுங்கள். தனியே நன்றாக ஓடினால், இரண்டாம் படியாக, புரொஜெக்டரை இணைக்காமல் விளக்கவுரையை முழுத்திரையில் ஓட்டுங்கள். இப்போது தடுமாறினால் குறை படவில்லையில் உள்ளது; ஒப்பனைகளை நீக்கிவிட்டு, காணொலியை அழித்து மீண்டும் சேர்த்துப் பாருங்கள். இதிலும் நன்றாக ஓடினால், மூன்றாம் படியாகப் புரொஜெக்டரை இணைத்து ஓட்டுங்கள். இப்போதுதான் தடுமாறுகிறது எனில் குறை கம்பியிலோ திரை அமைப்பிலோ உள்ளது.

இம்மூன்று படிகளுக்கும் 10 நிமிடம் போதும். ஆனால் இது கூட்டம் கூடுவதற்கு முன், காட்டவிருக்கும் அதே கணினியில், அதே கம்பியில், தொடக்கம் முதல் முடிவு வரை செய்யப்பெற வேண்டும். நான் புறப்படுமுன் என் வீட்டுக் கணினியில் முதல் 10 நொடிகளை மட்டும் ஓட்டிப் பார்த்து நிறைவடைந்தேன். அதனை ஒத்திகை என்று இன்று நான் சொல்லமாட்டேன்.

படம் நின்றாலும் பாடம் நிற்கலாகாது

எல்லாம் சரியாக இருந்தும் மின்சாரம் தடைப்படலாம், கம்பி பழுதாகலாம். ஆதலால் மாற்று ஏற்பாடு வேண்டும். காணொலிக் கோப்பைத் தனியாகவும் கணினியின் முகப்பில் வைத்திருங்கள். படவில்லையில் ஓடாவிட்டால் அங்கிருந்து நேரே ஓட்டலாம். அத்துடன், காணொலியின் முக்கியமான மூன்று கட்டங்களை நிழற்படங்களாக எடுத்து, தடித்த எழுத்தில் ஒரு வரி விளக்கத்துடன் அடுத்தடுத்த படவில்லைகளாக வைத்துவிடுங்கள். எல்லாம் கைவிட்டாலும் அவை கைகொடுக்கும். அவற்றையே ஒரு தாளில் அச்சிட்டு வழங்கினால், வீட்டுக்குச் சென்ற பின்னரும் படிக்கலாம்.

அன்று என்னிடம் இந்த மூன்று படவில்லைகள் இருந்திருந்தால், “மீதியை நானே சொல்லிவிடுகிறேன்” என்று இரண்டு வாக்கியத்தில் நான் முடித்திருக்க மாட்டேன்.

புறப்படுமுன் ஒரு சரிபார்ப்பு

1. காணொலி எம்பி4 உறையில், எச்.264 படம், ஏஏசி ஒலி என்னும் அமைப்பில் உள்ளதா?
2. தெளிவு 720பி அல்லது 1080பி, சட்டகம் நொடிக்கு 25 அல்லது 30 என்ற அளவில் உள்ளதா?
3. காணொலி விளக்கவுரைக்குள்ளேயே பதிந்துள்ளதா?
4. மின்னிணைப்புக் கம்பியும் எச்டிஎம்ஐ கம்பியும் கைவசம் உள்ளனவா?
5. கோப்பு வன்தட்டில் படியெடுக்கப்பட்டதா?
6. கூடத்தின் கடைசி வரிசையில் நின்று ஒலியைக் கேட்டீர்களா?
7. தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தீர்களா?
8. தனிக் கோப்பும் மூன்று நிழற்படங்களும் ஆயத்தமாக உள்ளனவா?

ஆறு வாரங்களுக்குப் பின், சங்கத்தாரிடம் இசைவு பெற்று, அதே கூடத்தில் மீண்டும் அவ்விளக்கவுரையை ஆற்றினேன். ஒரு மணி நேரம் முன்னதாகவே சென்று ஒத்திகை பார்த்துக்கொண்டேன். அந்த அம்மையார் முதல் வரிசையில் வந்து அமர்ந்தார். 90 நொடிக் காணொலி தொடக்கம் முதல் முடிவு வரை தடையின்றி ஓடிற்று. படம் நன்றாக ஓடியது என்று எவரும் குறிப்பிடவில்லை. கேள்விகள் எல்லாம் செயலியைப் பற்றியும், ஓ.டி.பி. பற்றியும், 1930 எண்ணை எத்தனை மணிக்குள் அழைக்க வேண்டும் என்பது பற்றியுமே எழுந்தன. பணம் போனது தெரிந்த மறு நிமிடமே அழையுங்கள் என்றேன். அம்மையார் தம் அருகிலிருந்தவரிடம், அச்செயலி தம் கைப்பேசியில் எவ்வாறு வந்தது என்பதை விளக்கிக்கொண்டிருந்தார்.

வாடிக்கையாளப் பெருமக்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். எந்த வங்கி அலுவலரும் உங்களிடம் ஓ.டி.பி.யையோ கடவுச்சொல்லையோ கேட்கமாட்டார். தொலைபேசியில் அழைத்து, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லவும் மாட்டார். உங்கள் குடியிருப்பிலோ ஊரிலோ இதனை நீங்களே நான்கு பேருக்கு எடுத்துக்காட்ட விரும்பினால், அருகிலுள்ள கிளையை அணுகுங்கள். காணொலியை ஆயத்தம் செய்ய இக்கட்டுரை துணை நிற்கும் என நம்புகிறேன்.